நடுநிலை ரசிகனின் விரல்

“என் விரலுக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. அந்தக் கடவுளே ஷூ மாட்டிக்கிட்டு வந்து ஓடினாலும் சரி, விசில் சத்தம் கேட்டா அடுத்த கணம் கடிகாரம் நிக்கும்.”

இந்த வாக்கியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்திப் பிடித்தபடி சொல்லப்பட்டது. விரல் நுனியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் பிரகடனத்தின் கம்பீரம் சற்றே குறைந்துவிட்டதாக அன்று உடன் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சொல்வதுண்டு.

சொன்னவர் பட்டன்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆட்டக் கடிகாரத்தை ஓடவிட்டு நிறுத்துகிற பட்டன் பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய விரலடியில் இருந்ததால், பெயர் தேய்ந்து பட்டன் மட்டும் மிஞ்சிவிட்டது.

கூடைப்பந்து பார்த்தறியாதவர்களுக்கு இதன் மகத்துவம் விளங்காது. மைதானத்தில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். அவர்களோடு மூன்று நடுவர்கள் ஓடுகிறார்கள். யாராவது யாரையாவது இடித்துவிட்டால் ‘ஃபவுல்’ என்று நடுவர் விசில் ஊதுகிறார். ஊதியதும் கடிகாரம் நிற்க வேண்டும். அது தானாக நிற்காது. ஓரத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிறுத்த வேண்டும். சரியாக நிறுத்தியதற்காக அந்த மனிதருக்கு யாரும் கைதட்டியதாக வரலாறு இல்லை.

பகலில் அவர் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் நேர அலுவலகக் குமாஸ்தா. காலை எட்டு மணிக்கு மேல் வாசலைத் தாண்டி வருகிறவர் பெயருக்கு எதிரே, எத்தனை நிமிடம் தாமதம் என்று சிவப்பு மையில் எழுதுவார். பக்கத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. வந்தவர் சொல்வதை அதில் எழுதி, அது ஏற்கத்தக்கதா என்றும் தீர்ப்பு எழுத வேண்டும். ஏற்கத்தக்க காரணம் ஒன்றை அவர் தம் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. பிரசவ வலி வந்த மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஓடி வந்த ஒருவரிடம், “வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” என்று கேட்டவர் அவர்.

அவருடைய மாமனாரும் அதே தொழிற்சாலையில்தான் முப்பத்தோரு ஆண்டுகள் உலையருகே நின்றார். ஓய்வுபெறும் நாளன்று, கூட வேலை செய்தவர்களுக்குக் கொடுக்க மிட்டாய் வாங்கப் போய், மூன்று நிமிடம் பிந்தி வந்தார். மாப்பிள்ளையான பட்டன்காரர் பதிவேட்டைத் திறந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். ‘3 நிமிடம். காரணம்: மிட்டாய். ஏற்கத்தக்கதல்ல.’ மாமனார் சிரித்துக்கொண்டே பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கும் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். மாமியார் சிரிக்கவில்லை. மாமனார் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மாமியார் இன்னும் சிரிக்கவில்லை.

இப்படியாக நீதி தவறாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், நான்கு ஆண்டுகளுக்கு முன், மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என்ன வேலை என்று விசாரித்தார்கள். கூடைப்பந்து நடுவர் என்றார்கள். அதே லீக். சட்டை எண் பதினேழு.

சகலை என்கிற உறவைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை. செய்திருக்க வேண்டும். ஒரே வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரே மாமியாரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கும் இரண்டு அந்நியர்கள் அவர்கள். லீக் அலுவலகம் ஆண்டுதோறும் ஒரு படிவம் அனுப்பும். ‘நடுவர் எவருடனாவது உமக்கு ரத்த சம்பந்தம் உண்டா?’ என்று அதில் கேட்டிருந்தது. பட்டன்காரர் ‘இல்லை’ என்று எழுதினார். அது உண்மை. ரத்தத்தில் சம்பந்தமில்லை. வயிற்றெரிச்சலில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எரிச்சல் தொடங்கியது ஒரு கோழியில். ஒரு கோழிக்கு இரண்டு கால்கள். வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இதைவிட எளிய கணக்கை இயற்கை மனிதகுலத்துக்குக் கொடுத்ததில்லை. ஆனால் புது மாப்பிள்ளை வந்த முதல் ஞாயிறன்று மாமியார் இரண்டு கால்களையும் அவருடைய தட்டிலேயே வைத்தார். மூத்தவருடைய தட்டில் கழுத்தும், எந்த உறுப்பு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் விழுந்தன.

“ஓடுற புள்ள, தெம்பு வேணும்ல,” என்றார் மாமியார். பிறகு மூத்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக ஒன்றும் சேர்த்தார். “உங்களுக்கு உக்காந்து பாக்குற வேலைதான மாப்பிள்ள.”

அன்றுதான் விரலை உயர்த்தி மேற்படி பிரகடனம் செய்தது.

“அப்படியா,” என்றார் மாமியார். “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கோழியின் நீட்சிதான். மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டப்பட்டது. பத்திரிகையில் வந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறச் சட்டையில் சின்ன மாப்பிள்ளை, கன்னம் உப்ப விசில் ஊதுகிறார். படத்தின் ஓரத்தில் மேசையும், மேசைமேல் ஒரு முழங்கையும் தெரிந்தன. அந்த முழங்கை பட்டன்காரருடையது. சட்டம் போட்டவன் பொருத்தத்துக்காகக் கொஞ்சம் வெட்டியதில், அதிலும் பாதி போய்விட்டது.

“ஊதி ஊதி கன்னமே வத்திப்போச்சு பாவம்,” என்று மாமியார் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வார். பத்தொன்பது வருடமாக அழுத்தி அழுத்தி வற்றிப்போன ஒரு விரலைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

சொந்த வீட்டிலாவது நிம்மதி உண்டா?

“என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரர் நேத்து டிவில வந்தாரே, பாத்தீங்களா?” என்றார் மனைவி.

“நான் அங்கதானடி இருந்தேன்.”

“எங்க?”

“மேசையில.”

மனைவி யோசித்தார். நேர்மையான பெண்மணி. “மேசை வந்துச்சு,” என்றார். “நீங்க வரலையே.”

பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. கொள்கை, நியாயம், ஊர் நலம் என்று கௌரவமான சட்டை ஏதாவது மாட்டிக்கொண்டுதான் வரும். பட்டன்காரரிடம் அது ரசிகர்களின் சந்தேகம் என்ற சட்டையோடு வந்தது. மாட்டிவிட்டவர் முடிதிருத்துபவர்.

முடிதிருத்துபவர் நம் ஊர் அணியின் கேலரி ரசிகர்களுக்குத் தலைவர். ஆட்ட நாளில் கையில் ஒலிபெருக்கி, மற்ற நாளில் கத்தி. எதை எடுத்தாலும் எதிரில் இருப்பவர் அசையாமல் கேட்டாக வேண்டும்.

“அண்ணே, அந்தப் பதினேழாம் நம்பர் இருக்கானே,” என்றார் ஒரு நாள், பட்டன்காரரின் பின்கழுத்தை வழித்தபடி. “நம்ம பசங்கமேல ஊதுறதுக்குன்னே மூச்சப் புடிச்சு வச்சிக்கிட்டு வர்றான். லேசா உரசினாக்கூட ஃபவுல். மத்த ஊர்ல அவன் இப்படி ஊதுறதில்ல. நம்ம அரங்கத்துக்கு வந்தா மட்டும் வாய் நிக்க மாட்டேங்குது.”

“ஏன் அப்படி?” என்று கேட்டார் பட்டன்காரர். உடம்பில் இனிமையாக ஏதோ பரவியது. பின்கழுத்தில் பூசிய கிரீமாகவும் இருக்கலாம்.

காரணங்கள் கடையில் தாராளமாகக் கிடைத்தன. பெரிய நகரத்து அணி ஜெயித்தால்தான் டிவி பார்ப்பார்கள் என்று லீக் சொல்லி வைத்திருக்கிறதாம். இது வரிசையில் காத்திருந்த பேருந்து ஓட்டுநரின் கட்சி. எதிரணிப் பயிற்சியாளரும் பதினேழும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாம். இது ஓட்டுநரின் மச்சான் கட்சி. முடிதிருத்துபவரின் ஆராய்ச்சி வேறு தடத்தில் போனது.

“அவன் உச்சந்தலைய டிவில நல்லா கவனிச்சேன். கொட்ட ஆரம்பிச்சிருச்சு. நம்ம கேப்டனுக்கு முடி எப்படி, காடு மாதிரி! கேப்டன்மேல மட்டும் போன சீசன்ல முப்பத்தெட்டு ஃபவுல் ஊதியிருக்கான். பொறாமைண்ணே. பொறாமை புடிச்சவன் கையில விசில குடுத்தா வெளங்குமா?”

“வெளங்காது,” என்றார் பட்டன்காரர் உறுதியாக. “பொறாமை பொல்லாதது.”

“யார் வீட்டு மாப்பிள்ளையோ, பாவம் அந்தக் குடும்பம்.”

பட்டன்காரர் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

அன்றே ஒரு நோட்டு வாங்கினார். நேர அலுவலகத்துப் பதிவேடு போலவே கோடு போட்டார். பதினேழாம் எண் நடுவர் நம் அரங்கில் நம் அணிக்கு எதிராக ஊதிய ஒவ்வொரு ஃபவுலும், ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் எது, கடிகாரத்தில் என்ன நேரம், யார்மேல், நியாயமா இல்லையா என்று சிவப்பு மையில் ஏறியது. பதினான்கு ஆட்டங்களில் நூற்று ஆறு ஃபவுல்கள். தொண்ணூற்று நான்குக்கு எதிரே ‘ஏற்கத்தக்கதல்ல’.

சீசனின் பின்பாதியில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, பல வருடங்களுக்குப் பிறகு நம் அணி இறுதித் தொடருக்குள் நுழையும் போலிருந்தது. இரண்டு, இறுதித் தொடருக்கு நடுவர்களைப் பொறுக்கும் பட்டியலில் பதினேழின் பெயர் முதல் முறையாக ஏறியிருந்தது. இரண்டாவது செய்தியை மாமியார்தான் தொலைபேசியில் சொன்னார்.

“சின்ன மாப்பிள்ள ஃபைனல்ல ஊதப் போறாரு! நான் நேர்ல வந்து பாக்கப் போறேன்.”

பத்தொன்பது ஆண்டுகளில் நான்கு இறுதித் தொடர்களுக்குப் பட்டன் அழுத்தியவரைப் பார்க்க மாமியார் ஒரு முறையும் அரங்கத்துக்கு வந்ததில்லை. பட்டன்காரர் தொலைபேசியை வைத்தார். நோட்டை எடுத்தார். மேசைமுன் உட்கார்ந்தார்.

லீக் அலுவலகத்துக்குப் போன மனுவில் முப்பத்தொரு பக்கங்கள் இருந்தன. பதினேழாம் எண் நடுவர் நம் அணிக்கு எதிராகப் பாரபட்சமாக நடக்கிறார், இதை அறிவியல்பூர்வமாக விசாரிக்க வேண்டும், அதுவரை அவரை இறுதித் தொடரில் சேர்க்கக் கூடாது. அடியில் பெயர் இல்லை. ‘இப்படிக்கு, நடுநிலை ரசிகன்’ என்று மட்டும் இருந்தது. அதில் ‘நடுநிலை’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

லீக் அலுவலகங்கள் மனுவைப் படிப்பதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. துரதிர்ஷ்டவசமாக அந்த அலுவலகத்தில் ஒரு விசாரணை அதிகாரி அம்மா இருந்தார். அவர் படிப்பவர். முப்பத்தொரு பக்கத்தையும் படித்துவிட்டு, அறிவியலுக்கு ஏற்பாடு செய்தார். நடுவர்களின் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மாட்டப்பட்டது. விசில் ஊதிய கணத்தை, நொடியைப் பத்தாகப் பிரித்து, அது குறித்துக்கொள்ளும். கடிகாரப் பெட்டியிலிருந்தும் ஒரு கம்பி எடுத்தார்கள்.

“இது எதுக்கு?” என்று பட்டன்காரர் கம்பி இழுத்த மின்பணியாளரைக் கேட்டார்.

“நடுவருங்கள செக் பண்றாங்களாம் சார். எவனோ மனு போட்டிருக்கான்.”

“அப்படியா! ரொம்ப அவசியம்,” என்று சொல்லி, மின்பணியாளர் குனிந்து வேலை செய்ய வசதியாகத் தம் நாற்காலியைத் தாமே நகர்த்திக் கொடுத்தார்.

அடுத்த ஐந்து வாரமும் அவர் வாழ்க்கையின் இனிய வாரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் இரண்டு கால்களையும் சின்னவர் தட்டில் வைக்கும்போது, “வைங்க அத்தை, நல்லா சாப்பிடட்டும்,” என்று மனம் உவந்து சொன்னார். சகலை ஒரு நாள், “அண்ணே, இந்தப் பெட்டி இடுப்புல உறுத்துது,” என்றபோது, “பழகிடும் தம்பி,” என்றார். மனைவிகூட, “என்னங்க, இப்பல்லாம் முகமே தெளிவா இருக்கு,” என்றார்.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. பதினேழாம் எண் நடுவரைப் பற்றிய விசாரணைக்குப் பட்டன்காரரும் வர வேண்டும். சாட்சிக்கு, என்று அவர் எடுத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போனார்.

விசாரணை அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஜன்னலோரம் ஒரு மின்விசிறி. அதிகாரி அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். சகலை ஏற்கெனவே வந்திருந்தார். மூத்தவரைக் கண்டதும் எழுந்து நின்றார். “வாங்கண்ணே. உங்களயும் இழுத்துவிட்டுட்டாங்களா?”

“என்ன பண்றது தம்பி. கடமைன்னு வந்தா வரணும்ல.”

அதிகாரி அம்மா மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று பட்டன்காரரைக் கேட்டார்.

“யாரோ ரசிகரா இருக்கும்மா. விவரம் தெரிஞ்சவர் போல.”

“ரொம்ப விவரம் தெரிஞ்சவர்தான்.” அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். “மூணாவது கால்பகுதி, நாலு நிமிஷம், பதினேழு நொடி, அதுக்கப்புறம் ஒரு புள்ளி, ஆறு. எல்லா ஃபவுலுக்கும் இப்படி நொடியில பத்துல ஒரு பங்கு வரைக்கும் எழுதியிருக்காரு. கேலரியில உக்காந்து பாக்குறவங்களுக்கு மேல தொங்குற பெரிய பலகைதான் தெரியும். அதுல கடைசி நிமிஷம் தவிர நிமிஷமும் நொடியும்தான் வரும். புள்ளிக்கு அப்புறம் உள்ளதும் ஆட்டம் பூரா தெரியிற பெட்டி அந்த அரங்கத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

அந்தப் பெட்டி யாருக்கு முன்னால் இருக்கிறது என்பதை மூவருமே அறிவார்கள். நேரத்தைத் தோராயமாக எழுதக் கை வராதது ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய குறை என்பதைப் பட்டன்காரர் அப்போதுதான் உணர்ந்தார். முடிதிருத்துபவர் எழுதியிருந்தால் ‘ஏதோ ஒரு நாலு நிமிஷம் இருக்கும்போது’ என்று எழுதித் தப்பித்திருப்பார்.

சகலை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். “அண்ணே?” என்றார். அவ்வளவுதான்.

அதிகாரி அம்மா நிறுத்தவில்லை. “எதிரணிமேல ஊதின ஃபவுல் ஒண்ணுகூட இதுல இல்லையே, ஏன்?”

“அதெல்லாம் நியாயமான ஃபவுல்ம்மா,” என்றார் பட்டன்காரர். “அத எதுக்கு எழுதணும்?”

“நாங்க எண்ணினோம். அதே பதினாலு ஆட்டத்துல எதிரணிமேல நூத்தி ஒம்பது. இந்த அரங்கத்துல இவர் நிறைய ஊதுறாருங்கிறது நிஜம். ஆனா ரெண்டு பக்கமும்தான் ஊதுறாரு. சரி, அது இருக்கட்டும். நீங்க கேட்ட அறிவியலுக்கு வருவோம்.” ஒரு தாளை நகர்த்தினார். “விசில் சத்தம் வந்து உங்க விரல் பட்டனை அழுத்த எடுக்குற நேரம். மத்த நடுவருங்க யார் ஊதினாலும் நொடியில பத்துல ரெண்டு பங்கு. நல்ல விரல். இவர் ஊதினா மட்டும் பத்துல ஆறு. ஒரு ஆட்டம் இல்ல, ரெண்டு ஆட்டம் இல்ல, ஒவ்வொரு ஆட்டமும். காரணம் என்ன?”

காரணம். தொழிற்சாலையில் இத்தனை ஆண்டுகளாக அவர் அடுத்தவரிடம் கேட்டுவந்த கேள்வி. மிட்டாய் என்றுகூடச் சொல்ல வழியில்லை. அவர் தம் ஆள்காட்டி விரலைப் பார்த்தார், கூட வேலை செய்தவன் போலீசில் மாட்டிக்கொண்டபின் அவனைப் பார்ப்பதுபோல. மனுவை அவர் எழுதினார், அது தெரியும். ஆனால் விரல் இந்த வேலை பார்த்தது சத்தியமாக அவருக்கே தெரியாது. அந்தக் கன்னம் உப்பும்போதெல்லாம் விரல் தன்பாட்டுக்கு ஒரு கோழிக்காலை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார். அவர் பதிவேட்டில் இதைவிட மோசமான காரணம் ஒன்று ஏறியதில்லை.

“எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் சகலை.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“அண்ணன் லேட்டா நிறுத்துவாருங்கிறது முதல் சீசன்லயே தெரியும். ஊதிட்டு மேல பாத்தா பலகை இன்னும் ஓடிட்டிருக்கும். மத்த அரங்கத்துல ஒரு ஆள் இடிச்சா, அதனால ஆட்டம் நெசமாவே கெடுதான்னு ஒரு மூச்சு பொறுத்துப் பாத்துட்டுத்தான் ஊதுவேன். இங்க பொறுத்தா கடிகாரம் ரொம்ப ஓடிடுமேன்னு, உரசின உடனே ஊதிடுவேன். அதான் இங்க மட்டும் எண்ணிக்கை கூடிப்போச்சு.” கொஞ்சம் தயங்கிச் சேர்த்தார். “ஜனங்க திட்டுறது சரிதான் மேடம். அவசரப்பட்டுத்தான் ஊதினேன்.”

ஆக, கேலரி முழுதும் கண்டுபிடித்த சதி உண்மைதான். நம் அரங்கில் பதினேழின் வாய் நிற்கவில்லைதான். அதற்குக் காரணம் பெரிய நகரமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, கேப்டனின் முடியும் இல்லை. அந்தக் காரணம் இஸ்திரி போட்ட சட்டையோடு விசாரணை அறையில் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரிஞ்சும் ஏன் புகார் குடுக்கல?”

“சகலை மேடம்,” என்றார் சகலை. எல்லாம் விளங்கிவிடும் என்பதுபோல. அதிகாரி அம்மாவுக்கும் மாமியார் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

தீர்ப்பு அன்றே சொல்லப்பட்டது. பதினேழின்மேல் குற்றமில்லை, இறுதித் தொடரில் ஊதலாம். ஆனால் பட்டனில் யார் உட்காருவது என்பதை அவரே சொல்லட்டும். அவருக்கு வேண்டாமென்றால் வேறு ஆள் போடப்படும்.

பட்டன்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது ஆண்டு, ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையும் அவன் வாயில்! எல்லாம் அவனுக்குத்தான் என்று அப்போதுகூட ஒரு பொறாமை வந்தது என்பதை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

“அண்ணனே இருக்கட்டும் மேடம்,” என்றார் சகலை.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“புது ஆள்னா அவர் எவ்ளோ லேட்டுன்னு நான் முதல்லேருந்து பழகணும்.”

வெளியே வந்து சகலையின் பைக்கில் இருவரும் ஏறினார்கள். பட்டன்காரர் வந்த பேருந்தில் திரும்பிப் போயிருக்கலாம். சகலை ஹெல்மெட்டை நீட்டியபோது வாங்கிக்கொண்டார். சிக்னலில் வண்டி நின்றபோது சகலை திரும்பாமலே கேட்டார்.

“முப்பத்தொரு பக்கமாண்ணே?”

“நோட்டுல எழுதினா கொஞ்சம் நீண்டுடுது.”

“என்மேல அப்படி என்னண்ணே கோவம்?”

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு சிக்னல் நேரம் முழுதும் யோசித்தார். பச்சை விழுந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்த சத்தத்தில், “கோழிக்கால்,” என்றார்.

வண்டி ஓரமாக நின்றது. சகலை ஹெல்மெட்டைக் கழற்றினார். “எனக்குக் காலே புடிக்காதுண்ணே! கழுத்துதான் புடிக்கும். நாலு வருஷமா உங்க தட்டுல கழுத்து விழுறதப் பாத்துட்டு வயிறு எரிஞ்சு உக்காந்திருக்கேன். அத்தை ஆசையா வைக்கும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது?” பிறகு, வந்தது வந்தாச்சு என்பதுபோல் மிச்சத்தையும் சொன்னார். “உக்கார நாற்காலி இருக்கு. ஒருத்தன் திட்ட மாட்டான். ஒருத்தன் பாட்டில் எறிய மாட்டான். வீட்டுக்குப் போனா டிவில உங்க தப்ப நாலு தடவ திருப்பித் திருப்பிப் போட மாட்டான். எனக்கு உங்களப் பாத்தாலே பொறாமைண்ணே.”

பட்டன்காரருக்கு உடம்பில் இனிமையாக ஏதோ பரவியது. இந்த முறை பின்கழுத்தில் கிரீம் எதுவும் இல்லை.

இறுதித் தொடரின் முதல் ஆட்டத்துக்கு மாமியார் வந்தார். பட்டன்காரர் வாங்கிக் கொடுத்த சீட்டு அவரைக் கொண்டுபோய் முடிதிருத்துபவரின் பக்கத்தில் உட்கார வைத்தது. இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்பதை நாம் நம்பியாக வேண்டும். ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடத்தில் பதினேழு நம் கேப்டன்மேல் ஊத, ஒலிபெருக்கி அலறியது.

“டேய் பதினேழு! கண்ண வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்தியா?”

பக்கத்திலிருந்து ஒரு கை ஒலிபெருக்கியைப் பிடுங்கியது. “அவரு என் மாப்பிள்ள! கண்ணு வச்சது நீதான்டா. போன வாரத்துலேர்ந்து புள்ளைக்கு இருமல்!” என்று மாமியாரின் குரல் அரங்கம் முழுதும் கேட்டது. அதன்பிறகு அந்த வரிசை அடங்கிவிட்டது. மூத்த மாப்பிள்ளையைப் பற்றி ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்லப்படவில்லை. அது அவருக்குக் கேட்டது. அதாவது, சொல்லப்படாதது கேட்டது. சுருக்கென்றுதான் இருந்தது.

ஆனாலும் அன்று அவர் நாற்காலியைக் கொஞ்சம் வலப்பக்கமாகப் போட்டிருந்தார். வழக்கமான இடத்திலிருந்து பார்த்தால் பயிற்சியாளரின் முதுகு மறைக்கும். இங்கிருந்து நடுவர்களின் முகம் தெரிந்தது.

இரண்டாவது கால்பகுதி. நம் கேப்டன் எதிராளியின் தோளில் மோதிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். சகலை அருகில் நின்றார். விசில் வாயில் இருந்தது. பழைய அவசரம் இல்லை. ஒரு மூச்சு பொறுத்தார். பிறகு கன்னம் உப்பியது. வீட்டுக் கூடத்தில் நாலு வருடமாகச் சட்டத்துக்குள் பார்த்த அதே கன்னம்.

பட்டன்காரரின் விரல் அழுத்தியது.

பெட்டியில் கடிகாரம் நின்றது. விசில் சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. நொடியில் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் அதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அவன் மனம் மாறி ஊதாமல் விட்டால்? காரணமே இல்லாமல் இறுதித் தொடர் ஆட்டத்தை நிறுத்தியவன் என்று நாளைக்கு எல்லாப் பத்திரிகையிலும் முழு முகமும் வரும், முழங்கை மட்டுமல்ல. தம் பத்தொன்பது ஆண்டுகளை அவர் சகலையின் ஒரு மூச்சில் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தார்.

விசில் வந்தது. ஃபவுல், நம் கேப்டன்மேல். அரங்கம் ஊளையிட்டது. சகலை மேலே பலகையை நிமிர்ந்து பார்த்தார். நின்றிருந்தது. ஒரு கணம் குழம்பி மேசைப் பக்கம் திரும்பினார். பட்டன்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி அம்மா அனுப்பிய தாள் மேசைக்கு வந்தது. இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படி வரும் என்பது ஏற்பாடு. மற்ற இரு நடுவர்களுக்கும் எதிரே பத்தில் இரண்டு என்றிருந்தது. பதினேழுக்கு எதிரே சராசரி பூஜ்யம். ஓர் இடத்தில், இரண்டாவது கால்பகுதியில், ‘விசிலுக்கு முன்’ என்று வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.

அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கேலரியில் மாமியார், சின்ன மாப்பிள்ளைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டு, தாளை மடித்துக் கொடுத்தார்.